அவனே இவன் என்னும் உணர்வு

உலக வழக்கில் ஒரு பொருளை நோக்கி, 'முன் கண்டது இதுவே' என்று துணிதல் மிக எளிய செயலாகத் தோன்றுகின்றது. அத்துணிவுக்கு ஆதாரம் யாது என்று வினவப்புகுங்கால் அவ்வெளிமை நம்மை விட்டு அகன்றுவிடுகின்றது. காலம் மாறிற்று, இடம் மாறிற்று, பொருளின் உறுப்புக்களும் மாறின. மாறாது நின்றது எது? அங்ஙனம் நின்றது ஒன்று உண்டாயின் அதனை எவ்வாறு அறிந்தோம்? இல்லையாயின் 'அதுவே இது' என்று யாம் கூறுவது வெறுஞ் சொல்லாய் முடியுமன்றோ? இவ்வினா தருக்க நூலார் பொழுதுபோக்குக்குரியது என்று சிலர் எண்ணுவர். ஒருவன் செய்த வினையை அவனே நுகர்வான் என்னும் நம் சமயக் கொள்கை முழுதும் இதன்மேல் நிற்றலின், சைவ மக்கள் இதனைக் கடந்து போதல் இயலாது.

வடவெல்லையில் கன்னட நாட்டொடு தோள்சேர்ந்து நிற்கும் ஓசூரைக் கொண்டே இதனை ஆராய்வாம். மலைமேல் சந்திரசூடேசுவரர் எழுந்தருளியிருக்க, மலையடியைச் சூழ்ந்த நிலமெல்லாம் 1970-களிலிருந்து தொழிற்சாலைகளால் நிரம்பிற்று. 1980-இல் அசோக் லேலண்டு நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே எழுந்தது. இருசக்கர வண்டிகளும், கைக்கடிகாரங்களும், அவற்றிற்குரிய சிற்றுறுப்புக்களும் அங்கே இடையறாது செய்யப்படுகின்றன. உறுப்புக்களைக் கூட்டிப் பொருளாக்குதலே தொழிலாகக் கொண்ட ஊர் ஆதலின், 'உறுப்புக்களின் கூட்டமோ பொருள், அன்றி அவற்றின் வேறோ?' என்னும் பழைய வினாவை எழுப்புதற்கு அதனினும் தக்க இடம் எனக்குத் தோன்றவில்லை.

லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாங்கிய ஓரிரண்டு ஆண்டுகளில் அதன் டயர்கள் மாறுகின்றன. பின்னர் கிளட்ச்சும் கியர் பாக்ஸும் மாறுகின்றன. விபத்தொன்றில் கேபின் நசுங்கிப் புதியது ஏற்றப்படுகின்றது. மரப்பலகையும் தகடுமாகிய பாடி உளுத்துத் துருவேற, நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ கொண்டுபோய் வேறு பாடி கட்டுகின்றனர். ஒருநாள் எஞ்சினையே இறக்கி வேறொன்றை வைக்கின்றனர். பதினைந்து ஆண்டு கழிந்தபின் உரிமையாளர், 'இது என் தந்தையார் வாங்கிய வண்டி' என்று பெருமிதங் கொள்வர். பட்டறையிலுள்ள மெக்கானிக்கோ, 'இதிலே பழசு என்றால் நம்பர் ஒன்றுதான்' என்று நகைப்பர். இருவருள் எவர் கூறுவது மெய்?

அரசினர் இவ்வழக்கைத் தம் வசதிக்கேற்ப முடித்து வைத்துள்ளனர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்திற் பொறிக்கப்பட்ட எண்ணே வண்டியை அடையாளங் காட்டும் முதற் குறியாகும். எஞ்சின் மாறினால் அதனை ஆர்.சி. புத்தகத்திற் பதிந்துகொண்டு 'வண்டி அதுவே' என்பர். ஜூஜூவாடியையும் அத்திப்பள்ளியையும் கடந்து சென்று பெங்களூரிலேயே பன்னிரண்டு திங்களுக்கு மேல் தங்கிவிட்ட வண்டிக்கு 'டி.என். 70' என்னும் ஓசூர்ப் பதிவு நீங்கிக் கன்னட நாட்டுப் பதிவெண் வருதல் வேண்டும். பெயரே மாறினும் அவர்கள் கலங்குவதில்லை. காகிதத்தை அடிச்சட்டத்தின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, எழுந்த எண்ணைப் பழைய ஏட்டோடு ஒப்புநோக்கி, 'அதுவே இது' என்று தீர்ப்புச் செய்கின்றனர்.

இத்தீர்ப்பு வரிக்கும், காப்புறுதிக்கும், களவைக் கண்டுபிடித்தற்கும் போதுமானது. பொருளியல்பை ஆராய்வாருக்குப் போதாது. ஆதென்சு நகரத்தார் தீசியசு என்னும் வீரனுடைய கப்பலைப் பலகை பலகையாகப் புதுக்கிக் காத்துவந்ததையும், அது பழங்கப்பலே என்று ஒரு சாராரும் அன்று என்று ஒரு சாராரும் வாதித்ததையும் புளூட்டார்க்கு எழுதினர். 1655-இல் ஆபிசு என்னும் ஆங்கில நாட்டறிஞர் அதன்மேல் ஒரு முள்ளை வைத்தார்: கழற்றிய பழம் பலகைகளை ஒருவன் ஒன்றுவிடாமற் சேர்த்து வைத்து அவற்றாலே ஒரு கப்பல் கட்டினால் இரண்டில் எது பழைய கப்பல்? ஓசூர்ப் பட்டறையொன்றில் கழித்த உறுப்புக்களையெல்லாம் கூட்டி வேறொரு வண்டி எழுப்பினும் இவ்வினாவே எழும். அடிச்சட்டம் உள்ளதே பழையது என்பாரேல், அச்சட்டமும் துருவேறி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டப்பட்டு, எண்ணும் தேய்ந்து அனுமதியோடு மீண்டும் பொறிக்கப்பட்டதாயின் என் செய்வது? ஆகவே தொகுதிப் பொருள்களில் 'அதுவே இது' என்பது நாம் நம் பயன் கருதி இட்டுக்கொண்ட வழக்கேயாம். பொருளின்கண் அதற்குமேல் ஒன்றைத் தேடினும் கிடையாது.

அவ்வூருக்கும் இதுவே நிலை. ஓசூர் என்னும் பெயர் கன்னடத்திற் 'புதிய ஊர்' எனப் பொருள்படுவது. புதியது என்னும் அப்பெயர் இன்று பழம்பெயராயிற்று. சேலம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 1965-இல் தருமபுரி மாவட்டத்ததாகி, 2004-இல் கிருட்டினகிரி மாவட்டத்ததாகி, 2019-இல் மாநகராட்சியுமாயிற்று. அன்றிருந்த குடிகளில் பலர் இலர். இன்றிருப்போரிற் பலர் வேற்றூரார். ஆயினும் ஊர் அதுவே என்கின்றோம். நந்தி மலையிலே பிறந்து, கன்னட நாட்டில் தட்சிண பினாகினி என்றும் தமிழ்நாட்டில் தென்பெண்ணை என்றும் பெயர் பூண்டு, ஓசூரை அடுத்துள்ள கெலவரப்பள்ளியிலும் பின்னர்க் கிருட்டினகிரியிலும் அணைகளால் தடையுண்டு, கடலூரை அடுத்துக் கடலிற் கலக்கும் ஆற்றை நோக்குக. நேற்றைய நீர் ஒரு துளியும் இன்று அங்கில்லை. ஆறு என்பது நீரோ, கரையோ, பெயரோ?

இவ்வாற்றையும் விளக்கின் சுடரையுமே கையிற்கொண்டு பௌத்தர் ஆன்மா இல்லை என்று வழக்கிட்டனர். மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி, சக்கரமோ தேர், அச்சோ தேர், நுகமோ தேர் என்று ஒவ்வொன்றாய் விலக்கி, தேர் என்பது உறுப்புக்களின் கூட்டத்துக்கு இட்ட பெயரளவே என்றும், நாகசேனன் என்பதும் அத்தன்மைத்தே என்றும் நிறுவியது அவர் நூலிற் கேட்கப்படுவது. 1739-இல் ஸ்காட்லாந்து நாட்டு இயூம் என்பவரும் அவ்வழியே சென்று, தம்முள்ளே புகுந்து தேடியபோது வெம்மை, தட்பம், விருப்பு, வெறுப்பு என்னும் உணர்வுகளே எதிர்ப்பட்டன; அவற்றையன்றித் 'தான்' என ஒன்று அகப்படவில்லை என்றார். காலத்தாலும் தேயத்தாலும் இத்துணை வேறுபட்டோர் ஒரே முடிபுக்கு வந்தமை அவ்வாதத்தின் வலிமைக்குச் சான்றாம். சித்தியார் பரபக்கத்திற் பௌத்தரை மறுத்துவிட்டோம் என்று இறுமாந்து இதனைப் புறக்கணித்தல் நமக்கு அழகன்று. அருணந்தி சிவாசாரியார்தாமும் மறுக்குமுன் அவர் கூற்றை அவர் வாய்மொழியாகவே விரித்துரைத்தனர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அவ்வாதம் எங்கே தளர்கின்றது? லாரியை 'அதுவே இது' எனத் துணிபவன் லாரி அன்று; உரிமையாளனோ, மெக்கானிக்கோ, அரசாங்க அலுவலரோ ஆவன். ஆற்றை ஒன்றென்பவன் கரையில் நிற்பவன். தேரைப் பெயரளவிற்று என்று கண்டவரும் தேரின் வேறாகிய நாகசேனரே. இவற்றிலெல்லாம் ஒருமை புறத்தேயுள்ள ஓர் அறிவால் வழங்கப்படுவது. அவ்வறிவுடையானது ஒருமையும் அங்ஙனமே பிறரால் வழங்கப்படுவதெனின், வழங்குவோன் ஒருவன் வேண்டும். அவனுக்கும் ஒருவன் வேண்டும். இது முடிவின்றி ஓடும். அற்றேல், தொகுதிதானே தன்னை ஒன்றென வழங்கிக்கொள்ளும் என்னில், அஃது அமையாது. கண்டது ஒரு கணத்துணர்வு, அது மாய்ந்தது. தொட்டது மற்றொரு கணத்துணர்வு. அது முன்னதனை அறிந்ததில்லை. 'கண்ட யானே தொட்டேன்' என்னும் உணர்வு இவ்விரண்டில் எதற்கு உரியது? முந்திய கணம் தன் வாசனையைப் பிந்தியதற்குக் கொடுத்துச் செல்லும் என்பது அவர் விடை. கொடுக்குங்கால் இரண்டும் உடனிருந்தனவேல் கணபங்கம் கெட்டது. உடனில்லையேல் இல்லாதது கொடுத்தது என்றாகும். காரணத்தொடர்ச்சி ஒன்றே போதுமெனின், தாயின் உடலினின்றே மகனுடல் வந்தும் தாய் உண்ட மாங்கனியின் சுவையை மகன் நினைவுகூர்கின்றிலன். இயூம் அவர்களையும் ஒன்று வினவலாம்: உள்ளே புகுந்து தேடி, 'அகப்படவில்லை' என்று திரும்பிவந்து அறிவித்தவர் யாவர்? இல்லை என்பானது இருப்பே ஆன்மாவின் இருப்புக்குச் சான்று என்பது சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தின் முதற்படியாதலை யாவரும் அறிவர். 'எனது வீடு' என்பது போல 'எனது உடம்பு' என்று பிரித்தறிதலும், ஒன்றையொன்று அறியமாட்டாத ஐம்பொறிகளின் அறிவையெல்லாம் ஒருவனே திரட்டி அறிதலும் அதன் மேற்படிகள். உடம்பை மாயையாலாகிய இயந்திரம் என்றே ஆசிரியர் மெய்கண்டார் வழங்கினமையும் கருதற்பாலது. இயந்திரத்தின் உறுப்புக்களை எண்ணிக்கொண்டே போவார்க்கு அதனுள் இருந்து அறிவான் அகப்படாமை வியப்பன்று. எண்ணுவான் எண்ணப்படும் பொருள்களுள் ஒருவனாக வைக்கப்படவில்லை.

இம்மட்டும் சைவர் ஒருவரும் ஐயுறார். இனிக் கூறப்புகுவதே இடர்ப்பாடுடையது.

1694-இல் இலாக்கு என்னும் ஆங்கில நாட்டறிஞர் தம் நூலின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த ஓர் அதிகாரத்தில், ஆன்மா உண்டென்றே கொண்டாலும் அதனால் ஆவதென்ன என்று வினவினார். முற்காலத்து வீரன் ஒருவனிடம் இருந்த ஆன்மாவே இன்று என்னிடம் உளது என்க. அவன் செயல்களில் ஒன்றேனும் எனக்கு நினைவில்லையெனின், யான் அவன் ஆவது எங்ஙனம்? நினைவு செல்லுமளவே ஒருவனது ஒருமையும் செல்லும் என்பது அவர் கருத்து. இது நம் வினைக்கொள்கையின் அடிவேரில் விழும் வெட்டன்றோ? முற்பிறப்பிற் செய்ததை யான் அறியேன். அறியாததற்கு இப்பிறப்பில் துன்புறுகின்றேன். எண் ஒன்று பொருந்திற்று என்பதற்காகப் பிறனொருவன் குற்றத்தை என் ஏட்டில் எழுதியது போலும் இது என்று அவர் வழிவந்தார் கூறுவர்.

இதனை ஏட்டுச்சுரைக்காய் என்று தள்ளாமைப் பொருட்டு இல்வாழ்க்கையில் வைத்துக் காண்போம். ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஓரடுக்களையிலேயே பேசப்படுதல் உண்டு. கன்னட நாட்டிற் பிறந்து, தமிழ்க்குடியில் வாழ்க்கைப்பட்டு, ஐம்பதாண்டு தமிழே பேசிப் பிள்ளைகளை வளர்த்த மூதாட்டி ஒருவரை உள்ளத்திற் கொள்க. மறதிநோய் பற்றிக்கொள்கின்றது. அந்நோயிற் பிற்காலத்துக் கற்றவை முன்னும், இளமையிற் கற்றவை பின்னுமாக நழுவுதல் மருத்துவர் பலரும் கண்டது. தமிழ் போயிற்று, கணவன் பெயர் போயிற்று, பெற்ற மகனை நோக்கி, 'நீர் யாரையா?' என்று கன்னடத்தில் வினவுகின்றார். இலாக்கின் அளவுகோலைக் கொண்டு அளந்தால் அம்மூதாட்டி அவன் தாய் அல்லர்; தாய் இருந்த உடம்பில் இப்பொழுது இருப்பவர் வேறொருவர். அம்மகன் இரவிலே கண்விழித்து அவரைத் தூய்மை செய்கின்றானே, அது யாருக்குச் செய்யும் தொண்டு?

அளவுகோலின்கண் உள்ள பிழையைத் தாமசு இரீடு என்பவர் 1785-இல் காட்டினர். நம் மாபாடியம் அருளிய சிவஞான முனிவர் பரிபூரணமெய்தியதும் அவ்வாண்டே என்பர். இருவரும் ஒருவரையொருவர் அறியார். படைத்தலைவன் ஒருவன் இளைஞனாய்க் கொடிபிடித்த நாளை நினைக்கின்றான். அவ்விளைஞன், சிறுவனாய் அடிபட்ட நாளை நினைத்தான். தலைவனுக்கோ சிறுவனாய்ப் பட்ட அடி மறந்துபோயிற்று. நினைவே ஒருமை எனின், சிறுவனே இளைஞன், இளைஞனே தலைவன், ஆயினும் தலைவன் சிறுவன் அல்லன் என்னும் முரண் விளையும். இம்மறுப்பு நன்றே. ஆயினும் எதிரியை வாயடைத்தல் ஒன்று; உண்மையை விளக்குதல் வேறொன்று. நினைவு ஒருமையை ஆக்குவதன்று எனின், பின் நினைவென்பது யாது?

இங்கேதான் சித்தாந்தத்தின் நுட்பம் பயன்படுகின்றது. நினைத்தலுக்குக் கருவி சித்தம், அஃது அந்தக்கரணங்களுள் ஒன்று, மாயையின் காரியம், சடம். ஆன்மா ஆணவத்தால் மறைப்புண்டு கிடத்தலின் கருவியின்றி ஒன்றையும் விளங்க அறியமாட்டாது. அமைச்சரைக் கொண்டே அரசன் நாட்டை அறிவதுபோலக் கரணங்களைக் கொண்டே அஃது உலகை அறியும் என்பது நான்காஞ் சூத்திரத்தின் கருத்து. அமைச்சன் நோயுற்றான் என்பதனால் அரசன் இறந்தான் என்னலாமோ? நாள்தோறும் உறக்கத்தில் நாம் நம் பெயரையும் மறந்தே கிடக்கின்றோம். விழித்தெழுந்தவனை, 'நேற்றுக் கடன் வாங்கியவன் நீயல்லை' என்று எவனும் விடுவதில்லை. மறதிநோய் நனவிலேயே நேர்ந்த ஒரு கருவிக்கேடு. உறங்கினாரைப் போல மீள்வது அரிதென்பதே வேற்றுமை. ஆதலின் அம்மகன் தொண்டு செய்வது தன் தாய்க்கே.

ஆயினும் எதிரி ஓயமாட்டான்: 'நினைவும் அறிவும் குணமும் எல்லாம் கருவியின்பாற்பட்டன என்றீர். எஞ்சிய நும் ஆன்மா, உறுப்பெல்லாம் கழற்றிய லாரியின் அடிச்சட்டம் போல எண் ஒன்றே தாங்கி நிற்கின்றது. மகன் நேசித்தது தன் பெயரை அழைத்து, தனக்குச் சோறிட்டு, தன் காய்ச்சலுக்குக் கலங்கிய தாயை, எண்ணையா நேசித்தான்?' இவ்வினாவின் கூர்மையை ஒப்புக்கொள்ளாதார் அந்நோயாளரின் அருகே இருந்தறியாதவர் என்றே கருதுவேன்.

விடை குணம் குணி என்பவற்றின் இயைபில் உள்ளது. குணங்களெல்லாம் ஒழிந்தபின்னும் வெறிதே நிற்கும் ஆதாரப்பொருள் ஒன்றை நம்மவர் கொண்டிலர். குணமும் குணியும் இரு வேறு பொருளாய்ச் சமவாயம் என்னும் மூன்றாவதொன்றாற் கட்டப்பட்டன என்பது நையாயிகர் கொள்கை. ஒரு பொருளே தன்மை நோக்கிக் குணமும் தன்மையுடைமை நோக்கிக் குணியுமாய் நிற்கும் தாதான்மியம் நம் கொள்கை. ஆன்மாவின் இச்சையும் ஞானமும் கிரியையும் அதற்கு வெளியேயிருந்து பூட்டப்பட்ட உறுப்புக்கள் அல்ல, அவையே அது. கருவிகள் அவற்றை ஆக்குவன அல்ல. ஆணவ இருளிற் சிறிதே விளக்குவன. கருவி கெட்டபோது விளக்கம் கெட்டதே அன்றித் தன்மை கெட்டதன்று. அன்றியும், சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவுக்கே உரிய சிறப்பியல்பு. பளிங்கு செம்மலரைச் சார்ந்து சிவக்கும். மலரை நீக்கின் சிவப்பு நீங்கும். சார்ந்ததன் நிறத்தை ஏற்கும் தன்மை ஒருகாலும் நீங்காது. ஐம்பதாண்டு அன்பிலே தோய்ந்த ஓர் உயிர் அவ்வன்பின் வண்ணத்தைப் பெயர்களை நினைக்கும் கருவியில் மட்டும் வைத்திருந்தது என்று யாம் எதனாற் கொள்ளவேண்டும்? பெயர் மறந்தார் சிலர், பழகிய கையொன்று தொட்டவுடன் கலக்கம் தணிதலைக் கண்டாரும் உளர். இதனை யான் நிரூபணமாகக் காட்டவில்லை. உடம்பினது பழக்கமே என்று உலகாயதன் கூறிவிடக்கூடும். நம் கொள்கையோடு முரணாமை மட்டும் கூறினேன்.

இனி, நினையாத வினைக்குப் பயன் நுகர்தல் நீதியோ என்னும் வினா. இது வினைப்பயனை ஊர்மன்றத்துத் தண்டனையாக வைத்து எழுப்பப்பட்டது. தண்டனைக்குக் குற்றத்தின் நினைவு வேண்டும் என்பது மெய். இல்லையேல் அவன் திருந்துவதற்கு வழியில்லை. நம் நூல்களோ பிறப்பையும் நுகர்ச்சியையும் மலபரிபாகத்தின் பொருட்டு இறைவன் கூட்டுவிக்கும் மருந்தெனக் கூறுகின்றன. நோய் வந்த வழியை நினைவுகூராத குழந்தைக்கும் மருந்து நோயைத் தீர்க்கும்; நினைவுகூரும் முதியோர்க்குக் கூடுதலாகத் தீர்ப்பதில்லை. நோய் உள்ள இடமும் மருந்து செல்லும் இடமும் ஒன்றாதலே வேண்டுவது. மறதியையும் அருளின்பாற்படுத்துவர் சிலர்: பல்லாயிரம் பிறப்பின் பகையும் நாணமும் நினைவில் நிற்பின் ஒருவன் இன்று தன் அண்டை வீட்டானோடு அமர்ந்து உண்ணமாட்டான் என்று. அது கேட்க இனிதாயினும், வேண்டுமளவுக்கு மேற்பட்ட சாமர்த்தியமாகவே எனக்குப் படுகின்றது.

அண்மைக் காலத்தார் வேறொரு வழி புகுந்தனர். 1984-இல் பார்பிட்டு என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர், அவனே இவனோ என்னும் வினாவுக்குச் சில இடங்களில் விடையே இல்லை, அஃது இன்றியமையாததும் அன்று, உள்ள நிகழ்ச்சிகளின் தொடர்ச்சியே கருதத்தக்கது என்று வாதித்து, இம்முடிபு தமக்கு மரணத்தின் அச்சத்தைக் குறைத்தது என்றும் எழுதினர். 'யான்' என்பதன் இறுக்கம் தளர்ந்தால் அச்சம் தளரும் என்றதில் அவர் கண்டது ஒரு மெய். ஆயின் அவர் இறுக்கத்தை நீக்கப் பொருளையே நீக்கினர். நம்மவர் நீக்கச் சொல்வது யான் எனது என்னும் செருக்கை; உயிரை அன்று.

இங்ஙனம் கூறவே, முத்தியில் உயிர் யாதாகும் என்பார்க்கும் ஒருவாறு விடை கூறவேண்டும். கோயிலைத் திருப்பணி செய்யுங்காற் பாலாலயம் அமைத்துக் கும்பத்தில் இறைவன் கலைகளை எழுந்தருளச் செய்து, கல்லும் சுதையும் புதுக்கியபின் மீளவும் நிறுவுவர். அதனைக் கண்ட அன்பர் ஒருவரும் வேறு சுவாமி வந்தார் என்னார். உயிர் உடம்பு மாறுதற்கு இதனை உவமையாக்குவாரும் உளர். எங்கும் நிறைந்தவனுக்கும் கட்டுண்ட உயிர்க்கும் உவமை ஒருபுடையே ஒக்கும் என்பதை அவர் மறத்தலாகாது. வீட்டு நிலையிலோ புகுதற்கு வேறு கும்பமும் இல்லை. பகலவன் ஒளியில் விண்மீன் கெட்டொழியவும் இல்லை, தனித்து ஒளிரவும் இல்லை. தாளும் தலையும் 'தாடலை' எனப் புணர்ந்தவழி இரு சொல்லும் உள. பிரித்து ஒலிப்பதற்கு இடமில்லை. அந்நிலையில், 'முன்னர்க் கட்டுண்டு கிடந்தவனே யான்' என்று அவ்வுயிர் தன்னை அறியுமோ? அறியும் எனின் சுட்டறிவு எஞ்சியதாம். அறியாது எனின் வீடு பெற்றவன் யாவன் என்னும் வினா எழும். தன்னை நோக்காது சிவத்தையே நோக்கி நிற்கும் அறிவுக்குத் தன் ஒருமையைத் தான் துணிதல் வேண்டப்படுவதில்லை என்பதும், துணியாமையால் அவ்வொருமை இல்லையாகாது என்பதும் என் கருத்து. கண் எல்லாவற்றையும் காணுங்கால் தன்னைக் காண்பதில்லை; ஆயினும் காண்பது அக்கண்ணே.